இளநீர்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர் வர ஆரம்பித்து முப்பது வருடம் இருக்கும். செய்தியை நான் படிப்பேன், ஆன்மிக இணைப்பு அம்மாவுக்கு. அவர் படித்து முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. போன ஐப்பசியில், கந்த சஷ்டிக்கு முந்தின வாரம், சஷ்டி விரதத்தில் எத்தனை வகை உண்டு என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரு வேளை சாப்பாடு, பால் பழம், மிளகு விரதம், அப்புறம் இளநீர் விரதம். அந்தக் கடைசி வகைக்குப் பக்கத்தில் 'வயதானவர்களும் இருக்கலாம்' என்று ஒரு வரி. அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. இருபது வருட சர்க்கரை. மூன்று வருடமாகக் கிட்னி டாக்டரிடம் போய்வருகிறோம். கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்ற கணக்கு, 2.4. டாக்டர் கணக்கில் நாலாவது நிலை, அதாவது ரத்தத்தை வடிகட்டும் வேலையில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது. டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கவில்லை. காலையிலும் இரவிலும் இன்சுலின், பி.பி.க்கு டெல்மிசார்டான், கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை. ஆள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். அதுதான் இந்த நோயின் சங்கடமே, ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை ஒன்றும் தெரியாது.

சஷ்டி ஆறு நாளும் இளநீர் மட்டும் என்று முடிவு செய்துவிட்டார். எங்களுக்கும் ஒரு ஆறுதல்தான். முந்தைய வருடங்களில் வெறும் தண்ணீரோடு இருந்தவர், இந்தத் தடவை இளநீராவது குடிக்கிறாரே, உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று. லால்குடி ரோட்டில் வண்டி போட்டிருப்பவரிடம் நான்தான் மொத்தமாகப் பேசி, தினமும் நாலு காய் சீவி வாங்கி வருவேன். சாப்பிடாதபோது ஊசி எதற்கு என்று இன்சுலினை அவரே நிறுத்திக்கொண்டது எங்கள் யாருக்கும் தெரியாது.

நாலாம் நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தவர் வாசல் படியில் கால் வைத்தார், ஏற முடியவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கால் ரெண்டும் நனைஞ்ச துணி மாதிரி இருக்குடா தம்பி" என்றார். விரதக் களைப்பு என்று நினைத்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா, உள்ளே போய் இன்னொரு இளநீரை ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ராத்திரி எட்டரைக்கு நெஞ்சு படபடப்பு. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்த டியூட்டி டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமே சாப்பிடலை சார், விரதம், இளநீர் மட்டும்தான்" என்றேன், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. "எத்தனை?" என்றார். ரத்தத்தில் பொட்டாசியம் 7.1 வந்தது. சரியாக இருந்தால் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. ஆறைத் தாண்டினாலே கவலை, ஆறரைக்கு மேல் போனால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம் என்று அப்புறம் சொன்னார்கள். இதயத்தைக் காப்பாற்ற கால்சியம் ஊசி, பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ள குளுக்கோஸோடு இன்சுலின், கடைசியில் கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ். மறுநாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, "இன்னைக்கு எத்தனாம் நாள்?" என்று கேட்டார். விரதக் கணக்குதான்.

எங்கள் டாக்டர் பிற்பாடு விளக்கினார். 100 மில்லி இளநீரில் 250 மில்லிகிராமுக்குப் பக்கம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயில் 300 மில்லி என்று வைத்தாலும் எழுநூறைத் தாண்டுகிறது, நாலு காய்க்கு மூவாயிரத்துக்குப் பக்கம். பொட்டாசியம் ஏறும் கிட்னி நோயாளிகளுக்கு நாள் முழுக்கச் சாப்பிடும் எல்லாவற்றையும் சேர்த்தே 2,000-க்குள் வையுங்கள் என்பார்கள். நல்ல கிட்னி இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே கிடையாது, அதிகமாக வந்ததைச் சிறுநீரில் தள்ளிவிடும். அம்மாவின் கிட்னியால் தள்ள முடியவில்லை. போதாததற்கு, ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை செல்லுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். வயிறு காய்ந்தால் உடம்பு சுரக்கும் இன்சுலினே குறைந்துவிடும். அம்மா ஊசியையும் நிறுத்தியிருந்தார். டெல்மிசார்டான் நல்ல மருந்துதான், ஆனால் அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றிவைக்கும் ரகம். எல்லாம் ஒரே வாரத்தில் கூடிவிட்டது.

ஆக, விரதத்தில் எதைச் சாப்பிடாமல் இருக்கிறோம் என்பதைவிட எதைச் 'சாப்பிடலாம்' என்று அனுமதித்திருக்கிறோமோ அதுதான் கிட்னி நோயாளிக்கு வினையாகிறது. நம் விரதப் பட்டியலை ஒரு தடவை அந்தக் கண்ணோடு பாருங்கள். வாழைப்பழம், ஒன்றில் 400 மில்லிகிராம் வரும், சின்னப் பழமானால் கொஞ்சம் குறையும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, சாத்துக்குடி ஜூஸ், பால், கொண்டைக்கடலைச் சுண்டல். சாதம் வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டு இவற்றைச் சாப்பிடுகிறோம். அரிசிச் சோற்றில்தான் இந்தத் தொல்லை குறைவு!

இந்துப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விரதச் சமையலுக்கு இந்துப்பு, அது கிட்னிக்கும் நல்லது என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. அதைவிட மோசம், சோடியம் குறைத்த உப்பு என்று பாக்கெட்டில் விற்கிறார்களே அது. பி.பி. உள்ள மற்றவர்களுக்கு அது உதவலாம், கிட்னி கெட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடைத்தான் போட்டிருப்பார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நம் ஊரில் கிட்னியில் பிரச்சினை என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் கல் என்று எடுத்துக்கொள்கிறார். வாழைத்தண்டு சாறு குடிங்க, இளநீர் குடிங்க, நிறையத் தண்ணி குடிங்க. அம்மாவிடம் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. கல் இருப்பவருக்குத் தண்ணீர் சரி. செயல் குறைந்த கிட்னிக்கு அதே யோசனை தலைகீழாகப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால் எந்த ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலும் நாலு இளநீர் வண்டி நிற்கிறது, நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் வெறுங்கையோடு வரக் கூடாதென்று இரண்டு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறார். அம்மா வார்டில் இருந்தபோது அவர் கட்டிலுக்கே மூன்று பேர் கொண்டுவந்தார்கள்.

சரி, இளநீரை விட்டுவிட்டு ஒன்றுமே குடிக்காமல் இருந்தால் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. என் பெரியப்பா ஸ்ரீரங்கத்துக்காரர். அவருக்குக் கிட்னி அவ்வளவு மோசம் இல்லை, மூன்றாவது நிலை, கிரியாட்டினின் 1.7. வைகுண்ட ஏகாதசிக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ராத்திரி முழுக்கக் கண் விழித்து, பரமபத வாசல் திறக்கும்வரை கூட்டத்தில் நின்றிருக்கிறார். விடிந்ததும் தலைவலி மண்டையைப் பிளந்திருக்கிறது. தெருமுனை மெடிக்கலில் ஒரு டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டார், மதியம் இன்னொன்று. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது கிட்னிக்குப் போகிற ரத்தமே குறைந்திருக்கும், அந்த நேரம் பார்த்து இந்த வலி மாத்திரை போனால் இருக்கிற கொஞ்ச ஓட்டத்தையும் அது இறுக்கிவிடும், கூடவே பி.பி. மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் வழக்கம்போலப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வாரம் கழித்து கிரியாட்டினின் 3.1. பாதிதான் திரும்பி இறங்கியது. விரதத் தலைவலிக்கு வலி மாத்திரை போடுவது எங்கள் குடும்பத்தில் அதோடு நின்றுபோனது. போட்டே ஆக வேண்டுமென்றால் பாராசிட்டமால், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

மறுநாள் துவாதசியில் விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் வேண்டும் என்பதில் பெரியம்மா இன்னமும் விட்டுக்கொடுப்பதில்லை. கீரையில் பொட்டாசியம் ஏராளம். இப்போது அவர் கீரையைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை ஒட்ட வடித்துக் கொட்டிவிட்டுத்தான் பெரியப்பாவுக்கு ஒரு ஸ்பூன் வைக்கிறார். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போகிற சரக்கு, முழுதும் போகாது, கணிசமாகக் குறையும். சத்தெல்லாம் வடிந்துபோச்சே என்று வருத்தம்தான் அவருக்கு. அந்தச் சத்துதான் வேண்டாம் பெரியம்மா என்றால் சிரிக்கிறார்.

நோன்பு பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் நண்பரின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அறுபது வருடம் நோன்பு விடாதவர். முதல் ரமலானில் பிள்ளைகள் சொல்லியும் கேட்காமல் பிடித்தார். அவருக்குப் பகலில் தண்ணீர் இல்லாதது அவ்வளவு சிக்கலாக இல்லை, அவருக்கு எப்படியும் நாளைக்கு ஒரு லிட்டருக்குள்தான். நோன்பு திறக்கும்போதுதான் சிக்கல் வந்தது. பதின்மூன்று மணி நேரத் தாகத்துக்குப் பிறகு நோன்புக் கஞ்சி இரண்டு கோப்பை, உப்பும் எண்ணெயுமாக வடை, சமோசா, ரோஸ் சர்பத், ஏழெட்டுப் பேரீச்சம்பழம். கஞ்சியும் தண்ணீர்க் கணக்குதான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. உப்பு உள்ளே போனால் தாகம் அடங்காது, தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடித்து வந்தும் குடித்திருக்கிறார். ஒரு லிட்டர் உள்ளே போய் வெளியே வர வழி இல்லையென்றால் ஒரு கிலோ எடை. அடுத்த டயாலிசிஸுக்குப் போனபோது நாலு கிலோ கூடி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே போனார்.

அவரை மாற்றியது டாக்டர் இல்லை, பள்ளிவாசல் இமாம். வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், குர்ஆனின் இரண்டாவது அத்தியாயத்தில், நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னார். பிற்பாடு குணமாகிறவர் விட்ட நாட்களைக் கணக்கிட்டு வைக்கலாம், குணமாக வழியில்லாதவர் ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு கொடுக்கலாம், அதற்கு ஃபித்யா என்று பெயர். "அல்லாஹ் கொடுத்த சலுகையை வேண்டாம்னு தள்ள நாம யாரு அத்தா?" என்று கேட்டாராம். இப்போது அவர் ரமலான் முழுக்க ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கிறார், நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரே ஒரு பேரீச்சம்பழம் எடுத்துக்கொள்கிறார். அதன் கொட்டையை ரொம்ப நேரம் வாயில் வைத்திருப்பார் என்று நண்பர் சொல்வார்.

கிட்னி மாற்று செய்துகொண்டவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. டாக்ரோலிமஸ் மாதிரி மருந்துகளைப் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். விரதமென்று ஒரு வேளை தள்ளிப்போட்டால் அந்தக் கிட்னியை உடம்பு தன்னுடையது இல்லை என்று தாக்க ஆரம்பிக்கலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கு வேறொரு கண்ணி. கிட்னி செயல் குறையக் குறைய இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் அதே அளவு மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் லோ சுகர் வந்து நெடுநேரம் விடாது. அம்மா செய்த மாதிரி முழுக்க நிறுத்தினாலும் தப்பு. எவ்வளவு குறைப்பது, எதை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை மாத்திரை எழுதிக்கொடுத்தவர்தான் சொல்ல முடியும். டாபாகிளிஃப்ளோசின் என்று கிட்னிக்கே இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கிறார்களே, அது போடுகிறவர்கள் பட்டினி இருக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பிடாமல் அதைப் போட்டால் நீர் வற்றும், ரத்தத்தில் அமிலமும் கூடலாம்.

கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டேன், ஆனால் நாங்கள் ஏன் கேட்கவில்லை? வெட்கம்தான். விரதம் என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று அம்மா மறைத்தார். டாக்டரும் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட விரதம் இருப்பீர்களா என்று கேட்டதில்லை, வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது அவரையும் குறை சொல்ல முடியாது. இத்தனைக்கும் எல்லாருக்கும் விரதமே கூடாது என்றில்லை. ஆரம்ப நிலையில், பி.பி.யும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பவர்களில் சிலருக்கு முன்னும் பின்னும் ரத்தம் பார்த்து, மாத்திரை நேரத்தை மாற்றி, ஒரு நாள் விரதத்துக்கு எங்கள் டாக்டரே சரி சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மட்டும் கண்டிப்பாக முடியாது என்றார்.

முடியாது என்றதும் அம்மா அழுதுவிட்டார். அப்போது என் மனைவி சொன்னதுதான் வேலை செய்தது. "சமயபுரத்துல மாசிக் கடைசியில ஆரம்பிச்சு 28 நாள் அம்மனே நமக்காகப் பச்சைப் பட்டினி இருக்கா அத்தை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்னு அவளே எடுத்துக்கிறா. அந்த இளநீரை அவ குடிக்கட்டும், நீங்க இட்லி சாப்பிடுங்க." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "முருகனுக்குத் தெரியுமா இது?" என்றார். அப்புறம் அவரே யோசித்து, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒப்பிலியப்பனுக்கு உப்பே இல்லாமல் நைவேத்தியம் செய்கிற மாதிரி நானும் ஆறு நாள் உப்பில்லாமல் சாப்பிடுகிறேன், அது விரதம்தானே என்று கேட்டார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்கச் சொல்லி மூன்று வருடமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன், முருகன் ஆறு நாளில் சாதித்துவிட்டாரே என்றார் அவர். நீர் பிரிகிற மாத்திரையும் போடுவதால் நடுவில் ஒரு தடவை ரத்தத்தில் சோடியம் மட்டும் பார்த்துவிடலாம் என்று சொல்லி, சரி என்று தலையாட்டினார்.

ஆசிரியர் அவர்களே, விரதப் பக்கம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் படித்துத்தான் அம்மா மாதிரி பலருக்கு நாளே தொடங்குகிறது. ஆனால் 'வயதானவர்களும் இருக்கலாம்' என்று ஒரு வரி போட இடம் இருந்தால், கிட்னி நோய், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், கிட்னி செயல் குறைந்தவர்கள் இளநீர் விரதம் இருக்க வேண்டாம் என்று இன்னொரு வரி போடவும் இடம் இருக்கும். சின்ன எழுத்தில் அடியில் போடாதீர்கள், அம்மா கண்ணாடி போட்டும் அது படிக்க முடிவதில்லை. சஷ்டிக்கு முன்னால், ரமலானுக்கு முன்னால், வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு கிட்னி டாக்டரை எழுத வைத்தால் இன்னும் நல்லது, ஆன்மிகப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வைத்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் மருத்துவப் பக்கத்தை அம்மா படிப்பதே இல்லை.

நீங்கள் போட்ட பக்கம் இன்னமும் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது, கிழிக்க விடவில்லை. அதற்குப் பக்கத்திலேயே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் ஒட்டச் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்து புரியாது என்று நான் கீழே பேனாவில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன்: இளநீர் கூடாது. காலை 8 மணிக்கு இட்லி மூன்று. ஊசியை நிறுத்தக் கூடாது. நாலாம் நாள் ரத்தம் பார்க்க வரவும். முருகனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
லால்குடி வாசகர் ஒருவர்